மாஜோங் தாளில் ஒரு குடும்பம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோயில் மண்டபத்தின் பின்கட்டில் மாஜோங் தாள்களை, அதாவது பெரிய வெள்ளைத் தாள்களை, விரித்துவிட்டோம். ஆறு மாணவர்கள், ஆளுக்கு ஒரு தாள், ஒரு கறுப்பு மார்க்கர், ஒரு சிவப்பு மார்க்கர். மூன்று தலைமுறைக்குக் குறையாமல் சொந்தக் குடும்பத்தை வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், காலமானவர் என்றால் அதற்குள் பெருக்கல் குறி. ஜெனோகிராம் என்று பாடத்தில் சொல்வோம். எங்கள் மாணவர்கள் அதைக் 'குடும்பப் படம்' என்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாணவி எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டாள். கோணல் இல்லாத படம். குனிந்து பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. அவள் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இடையில் ஒற்றைக் கோடு போட்டிருந்தாள். ஆனால் பாட்டியின் வட்டத்திலிருந்து மேலே போகும் கோடு எங்கும் போகாமல் பாதியில் நின்றது.

"பாட்டி சொந்தமா, வெளியிலயாம்மா?"

"சொந்தந்தான் மேடம்."

"என்ன முறை?"

மார்க்கர் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "தாத்தாவோட அக்கா மக."

"அப்ப ரெட்டைக் கோடுல்ல வரணும்?"

"போட்டா பார்க்கிறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்களே மேடம். அது ஒரு பிரச்சினைன்னு கிளாஸ்ல படிச்சோமே."

அந்த வகுப்பை எடுத்தவள் நான். ரத்த உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று குறியீட்டுப் பட்டியலைத் திரையில் காட்டிவிட்டு, அதன் கீழே மரபு நோய்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் நான் படித்ததை மலாயில் மாற்றி, அப்படியே ஒப்பித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டியும் தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். அந்த வகுப்பில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இன்றைக்கும் இது என்னை உறுத்துகிறது.

நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மை. அதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு கோடுகளுக்குள் இருப்பது அது மட்டுமா? மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் முடிப்பதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 11ஆவது பிரிவு, அக்காள் மகளையோ தாய்மாமனையோ மணப்பதற்கு இந்துக்களின் வழக்கப்படி தடையில்லை என்று தனியாக விலக்கும் தருகிறது. நாட்டின் சட்டமே இடம் கொடுத்த ஒரு முறையைப் பாட்டியின் பேத்தி மறைத்து வரைகிறாள். அப்படி மறைக்கச் சொல்லிக்கொடுத்தது என் பாடம்.

நான் வேலை பார்ப்பது கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில். ஆலோசனைத் துறை முதுகலை மாணவர்களில் திருமண, குடும்ப ஆலோசனையை எடுத்துப் படிப்பவர்களுக்கு வகுப்பும் களப்பயிற்சி மேற்பார்வையும் என் பொறுப்பு. பிறந்தது சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். ஈப்போவைத் தாண்டிக் கோலகங்சார் போகிற வழியில் இருக்கிற ஊர். வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊர் இரண்டு இடத்தில் வரும். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கியது ஒன்று. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பது இன்னொன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். குடும்ப ஆலோசனையைப் பேச வந்தவள் ஏன் நிலத்தைப் பேசுகிறாள் என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

முதலில் இந்தப் படிப்பைப் பற்றி. அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கம் 1942இலேயே உருவாகிவிட்டது. இன்று 50 மாநிலங்களிலும் இதற்கென்று தனி உரிமம் உண்டு. அங்கே பட்டம் வாங்க நீண்ட காலம் 500 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. அதில் பாதி நேரமாவது கணவன் மனைவியையோ குடும்பத்தையோ ஒன்றாக உட்கார வைத்திருக்க வேண்டும். மலேசியாவில் அப்படித் தனி உரிமம் கிடையாது. 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டம் (சட்டம் 580) சொல்கிறபடி கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, தொழில் செய்வதற்கான சான்றிதழும் வாங்க வேண்டும். குடும்பம் என்பது அதற்குள் ஒரு பிரிவு. ஆகவே பல மாணவர்கள் தனி ஒருவரோடு பேசவே பழகி வருகிறார்கள். அறைக்குள் நான்கு பேர் வந்து, நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் அவர்களுக்கு வேர்த்துவிடுகிறது.

நம் மக்களுக்கோ கவுன்சலிங் என்ற சொல் காதில் விழுவதே பெரும்பாலும் மணவிலக்கு நேரத்தில்தான். முதலில் சொன்ன 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 106ஆவது பிரிவுப்படி, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் இணக்க மன்றத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞர் கூட வரக்கூடாது. ஆறு மாதத்துக்குள் இணங்கவில்லையென்றால் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதைத்தான் "கவுன்சலிங் போயிட்டு வந்தோம்" என்கிறார்கள். வீடு எரிந்து முடிந்தபின் தண்ணீர் தேடுகிற நிலைமை அது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் போய் உட்காரக் கூடியவர்களை உருவாக்கத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

அந்த உருவாக்கல் சொந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் மரே போவன். டென்னசி மாநிலத்தில் வேவர்லி என்ற சிற்றூரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த மனநல மருத்துவர். 1954இலிருந்து சில வருடங்கள் நோயாளியை மட்டும் சேர்க்காமல் முழுக் குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்க வைத்து ஆராய்ந்தவர். 1967இல் துறை வல்லுநர்கள் கூடிய சபையில், எதிர்பார்த்தபடி கோட்பாடு பேசாமல், தன் தாய், தகப்பன், தம்பி தங்கைகளோடு தான் நடந்துகொண்ட விதத்தை எடுத்து வைத்தார். பிறகு அது அச்சானபோது ஆசிரியர் பெயர் இல்லாமல்தான் வந்தது. தன்னிடம் பயின்ற இளம் மருத்துவர்களில், சொந்தக் குடும்பத்தோடு இப்படி உழைத்தவர்களே நோயாளிகளிடம் நன்றாக வேலை செய்தார்கள் என்று அவர் கவனித்தார். பிற்பாடு 1985இல் மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் குடும்பப் படத்தின் குறியீடுகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். சதுரமும் வட்டமும் இரட்டைக் கோடும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த வழி இது.

குறியீடுகளைக் குறை சொல்ல மாட்டேன். அவற்றை இங்கே கொண்டுவந்து கொடுக்கிற என்னைப் போன்ற விரிவுரையாளர்களைத்தான் சொல்கிறேன். அந்தப் படத்தில் சித்தப்பாவுக்கும் சதுரம், தாய்மாமனுக்கும் சதுரம், அத்தை வீட்டுக்காரருக்கும் சதுரம். மலாயிலும் மூவரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டுவிடலாம். நம் வீட்டில் மூவரும் ஒன்றா? காது குத்த மடியில் வைப்பவர் யார், சடங்குக்குச் சீர் கொண்டுவருபவர் யார், கல்யாணப் பேச்சில் "என்னைக் கேட்காமலா?" என்று எழுந்து நிற்க உரிமை உள்ளவர் யார்? வருகிற பெண் "மாமா கூப்பிட்டா எங்க வீட்டுக்காரர் கேட்பாரு" என்று சொன்னால், எந்த மாமா என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். இப்போது தாய்மாமனின் சதுரத்துக்கு அடியில் சிவப்புக் கோடு போடச் சொல்கிறேன். எந்தக் கையேட்டிலும் இது இல்லை. எங்கள் மண்டபத்தில் இருக்கிறது.

இன்னொரு குறி உண்டு. பேச்சுவார்த்தை அறுந்துபோன இருவருக்கு இடையில் கோட்டின் நடுவே இரண்டு சிறு கீறல் போடுவார்கள். உறவின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் விலகிப் போவதைப் போவன் முக்கியமாகப் பேசினார். போன வருடம் ஒரு மாணவன் தன் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் இடையில் இந்தக் கீறலைப் போட்டு, "எங்கள் குடும்பத்தில் சண்டையைச் சந்திக்காமல் ஓடும் பழக்கம் தலைமுறையாக இருக்கிறது" என்று அறிக்கையும் எழுதிவிட்டான். நல்ல மாணவன், நன்றாக எழுதியிருந்தான். மதிப்பெண் போடாமல் தாத்தாவிடம் போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

கேட்டுவிட்டு வந்தான். சண்டையே நடக்கவில்லை. தம்பியிடம் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, இருந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்து, 1969க்குப் பிறகு அது கடுமையானபோது, தோட்டத்தில் வேலை நின்றது. அந்தச் சில ஆண்டுகளில் 60,000 பேர் வரை இப்படித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அண்ணன் பினாங்குத் துறைமுகம் வரை போய் ரஜூலா கப்பலில் தம்பியை ஏற்றிவிட்டு வந்தார். நாலைந்து கடிதம் வந்தது. இவருக்கு எழுதத் தெரியாது. எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த கிராணி (தோட்டத்து எழுத்தர்) வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

"தாத்தா அழுதுட்டாரு மேடம்," என்றான். "நான் ஓடிப்போனாங்கன்னு எழுதிட்டேன்."

நிலத்தைப் பற்றி முன்னால் சொன்னது இதற்காகத்தான். தோட்டத்துக் குடும்பப் படத்தில் பல கோடுகளை அறுத்தது குடும்பம் இல்லை. தோட்டம் விற்றது, செம்பனை போட்டது, வீட்டைக் காலி செய்யச் சொன்னது, அனுமதிச் சீட்டு கொடுக்காதது, இவை அறுத்த கோடுகளுக்குக் குடும்பத்தின் மனக்கோணலைக் காரணமாக எழுதினால், ஏற்கெனவே அடிபட்டவர்களை இன்னொரு முறை அடிக்கிறோம். மாணவனுக்கு இது தெரியாமல் போனதற்கு அவன் பொறுப்பில்லை. படத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பவருக்கு இந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் மாதம் இரண்டு சனிக்கிழமை மாணவர்களை இந்தக் கோயில் மண்டபத்துக்கு அழைத்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் ஒருவழிக் கண்ணாடி பதித்த அறை இருக்கிறது. உள்ளே குடும்பம், வெளியே மேற்பார்வையாளர். அமெரிக்காவில் சால்வடோர் மினுச்சின் பிலடெல்பியாவில் நடத்திய மையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தொலைபேசியில் மாணவனுக்குச் சொல்வார்கள். அர்ஜென்டினாவின் நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர் மினுச்சின். அதே மையத்தில் அவரும் ஜே ஹேலியும் பிராலியோ மொன்டால்வோவும் ஒரு காரியம் செய்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத, அந்த ஏழைப் பேட்டைகளிலேயே வாழ்ந்த கறுப்பின, ஹிஸ்பானிய மக்களைத் தேர்ந்து, கூடவே உட்கார்ந்து மேற்பார்த்து, குடும்ப ஆலோசகர்களாக்கினார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எங்கள் தோட்டத்து ஆயா கொட்டகையை நினைத்துக்கொள்வேன். அம்மாக்கள் விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போனபின் முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்த ஆயாவுக்கு, எந்த வீட்டில் நேற்றிரவு என்ன நடந்தது என்பது பிள்ளை பால் குடிக்கிற விதத்திலேயே தெரியும். அவரைப் போன்றவர்களுக்குக் கவுன்சலர் பட்டம் கொடுக்க நம் சட்டத்தில் இடமில்லை; ஆனால் அவர்களிடம் மாணவர்களை உட்கார வைக்க எந்தத் தடையும் இல்லை.

மண்டபத்தில் கண்ணாடி கிடையாது. நான் அறைக்குள்ளேயே மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன். குடும்பத்திடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருப்போம். (இங்கே எழுதுகிற குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், சம்பந்தப்பட்ட மாணவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

அப்படி ஒரு நாள். லாரி ஓட்டும் கணவர், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மனைவி, கணவரின் தாயார். கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைப்பதற்குமுன் தனித்தனியாகப் பேச வேண்டும், அடிதடி உண்டா என்று கேட்க வேண்டும் என்பது மாற்ற முடியாத விதி. பயப்படுகிற பெண்ணைப் பயமுறுத்துகிறவர் பக்கத்தில் உட்கார வைத்து உண்மையைப் பேசச் சொன்னால், அன்றிரவு அவள்தான் அதற்கு விலை கொடுப்பாள். மாணவன் படிவத்தில் இருந்தபடி "குடும்ப வன்முறை இருக்கா?" என்று கேட்டான். மனைவி இல்லை என்றார். நான் மூலையிலிருந்து, "கை நீட்டுவாரா?" என்றேன். "அது... ஆரம்பத்துல, ரெண்டு வாட்டி. இப்ப இல்ல." அதன்பின் அரை மணி நேரம் அவரிடம் தனியாகவே பேசினோம். எப்போது, எப்படி, இப்போது வீட்டுக்குப் போக பயமா, பயமென்றால் எங்கே போவார், 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்பது தெரியுமா. 'குடும்ப வன்முறை' என்பது செய்தித்தாள் சொல். 'கை நீட்டுறது' வீட்டுச் சொல். மாணவர்கள் வீட்டுச் சொல்லில் கேட்கப் பழக வேண்டும். அதைத் தமிழில் உட்கார்ந்து மேற்பார்க்கும் ஒருவர்தான் பழக்க முடியும்.

அவருக்குச் சம்மதம், ஆபத்து இல்லை என்று தெளிவான பின், அடுத்த வாரம் மூவரையும் சேர்த்து உட்கார வைத்தோம். பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. மாமியார் குரல் உயர்ந்தது, மனைவி தலைகுனிந்தார். மாணவன் சட்டென்று, "நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனீங்கன்னா எல்லாம் சரியாயிடும்க்கா" என்றான். மனைவி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. அவன் புரிந்துகொண்டு, "மன்னிச்சிருங்கக்கா, நான் அவசரப்பட்டுட்டேன். அம்மா பேசினப்ப உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்டிருக்கணும்" என்றான். அந்த வாக்கியத்துக்காக அவன்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

பிறகு அவனிடம் அந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். மூன்று வாரம் கழித்து அவனாகவே சொன்னான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தால், கோயில் தலைவர் வருவாராம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்பாவை ஒரு அதட்டல், அம்மாவை "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்று ஒரு வார்த்தை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் வீடு அமைதியாக இருக்கும். "அவர மாதிரி ஆகணும்னுதான் மேடம் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்."

அவனுக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பெரியவர் வராமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்குமோ. அவரை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "அம்மா பேசுறத நிறுத்திட்டாங்க" என்றான்.

மூவரும் சேர்ந்து உட்கார்ந்த அன்றைய அமர்வின் கடைசியில் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நார்வேயின் வடகோடியில் திரொம்சோ நகரில் டாம் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1985இல் ஒரு நாள், கண்ணாடியின் இரு பக்க விளக்கையும் ஒலியையும் மாற்றிவிட்டு, மறைந்திருந்த குழு தங்களைப் பற்றிப் பேசுவதைக் குடும்பமே கேட்கும்படி செய்தார். எங்களுக்குக் கண்ணாடி இல்லாததால் மாற்ற வேண்டியதும் இல்லை. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தாங்கள் கேட்டதை மட்டும், அறிவுரை கலக்காமல், தமக்குள் பேசுவார்கள், குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கும். மாமியார் கடைசியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க குடும்பத்தப் பத்தி பேசாத ஆளே இந்த ஊர்ல இல்ல தாயி. எங்க முன்னாலயே பேசினது நீங்கதான்."

முதலில் சொன்ன மாணவியிடம் திரும்புகிறேன். அன்று இரட்டைக் கோடு போட்டுவிட்டாள். என் பாட்டியின் கதையையும், அந்த வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதையும் ஆறு பேரிடமும் சொன்னேன். தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாட்டியிடம் காட்டச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அதே சுவரோரத்தில் தாளை விரித்தாள். ஓரமெல்லாம் மஞ்சள் கறை. பாட்டி சமையலறையில் வைத்தே பார்த்திருக்கிறார். இரட்டைக் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். விரலால் தடவிக்கொண்டே வந்து, "எங்க மத்தவங்க?" என்று கேட்டாராம். போர்க்காலத்தில் சயாமில் (தாய்லாந்தில்) ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத பெரிய மாமன் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதையில் எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது. பிறகு, அப்பாவுக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். அவள் அப்பாவுக்கே அந்தப் பெயர்கள் தெரியாது. பாட்டி சொல்லச் சொல்லப் பென்சிலால் தாளின் விளிம்பில் எழுதி வந்திருந்தாள், இடமில்லாமல் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

"எங்க போடுறது மேடம்? இடமே இல்ல."

கத்தரிக்கோலும் ஒட்டு நாடாவும் எடுத்து வரச் சொன்னேன். இடது பக்கம் இன்னொரு தாளை ஒட்டினோம். அப்பாவின் சதுரத்துக்கு முன்னால் மூன்று பேருக்கும் அவள் இடம் விட்டு வரைந்தாள்.